சந்நிதிக்கு வெளியே நிற்பவர்

2017-இல் சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆட ஸ்பெயினிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் இனிகோ கால்டெரோன். வடக்கு ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் வாழும் பகுதியிலுள்ள விட்டோரியா நகரத்துக்காரர். 1982 ஜனவரியில் பிறந்தவர். சென்னைக்கு வந்தபோது வயது 35. ஓடி ஆடும் விளையாட்டில் பெரும்பாலோர் ஓய்வை அறிவித்துவிட்டு வீட்டோடு இருக்கும் வயது அது. அவர் ஆடியது பின்வரிசையில், வலது ஓரத்தில். கோல் போட்டுவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு ஓடுகிறவர்களின் படம்தான் மறுநாள் பேப்பரில் வரும். அவர் நின்ற இடத்தில் நடப்பது படத்துக்கு ஆகாது.

ஆனாலும் அவர் ஆடியதைப் பார்த்த நாளிலிருந்து அந்த இடத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இருப்பது மதுரைக்குத் தென்மேற்கே, திருநகரில். திருமங்கலம் ரோட்டில், பஸ் நிறுத்தங்களை இரண்டாவது ஸ்டாப், மூன்றாவது ஸ்டாப் என்று எண்ணிக்கையிலேயே சொல்லிப் பழகிய ஊர். மொட்டை மாடியில் நின்றால் பரங்குன்றம் தெரியும். செவ்வாய், வெள்ளி விடியலில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து கந்த சஷ்டி கவசம் காதில் விழும். தேவராய சுவாமிகள் அதை அமைத்திருக்கும் முறை எனக்கு எப்போதுமே வியப்பு. தலையிலிருந்து பாதம் வரை உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்துச் சொல்லி, அதைக் காக்கும்படி வேலிடம் கேட்கிறார். பொன்னும் பொருளும் கேட்கும் வழிபாடு இருக்கிறது, முக்தி கேட்கும் வழிபாடு இருக்கிறது. இது இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று கேட்பது. கண் கண்ணாகவே இருக்கட்டும், மூச்சு மூச்சாகவே ஓடட்டும். அந்த வேண்டுதல் நிறைவேறிய நாளில் நமக்குத் தெரிவதற்கு ஒன்றுமே இருக்காது. காலையில் எழுந்தோம், ராத்திரி படுத்தோம், அவ்வளவுதான். எத்தனை கை நம்மைத் தாங்கியது என்பது அந்த நாளுக்குள்ளேயே மறைந்துவிடும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹாக்கி மட்டைதான் பழக்கம். கால்பந்து அடுத்தபடிதான். என் அக்கா மகனுக்கு மட்டும் அது உயிர். 2018 மார்ச் 17-ஆம் தேதி ராத்திரி, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். சென்னையின் அணியும் பெங்களூரு அணியும். அவன் கட்டாயப்படுத்தி என்னையும் டிவி முன்னால் உட்காரவைத்தான். ஒன்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். பையன் முகம் விழுந்துவிட்டது. பிறகு இரண்டு முறை கார்னர் கிடைத்தது, இரண்டு முறையும் மைல்சன் ஆல்வெஸ் எழும்பித் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். இடைவேளைக்குள் 2–1. பிற்பாதியில் ரஃபேல் அகஸ்டோ இன்னொன்று போட்டார். கடைசி நேரத்தில் பெங்களூரு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாலும் 3–2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. மைல்சன் பிரேசில்காரர், அவரும் பின்வரிசைக்காரரே. அன்றைக்கு அவருக்குக் கோல் வாய்த்தது. அதே பின்வரிசையில் வலது ஓரத்தில் நின்ற ஸ்பெயின்காரருக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

"மாமா, இவர் என்ன எந்நேரமும் நின்னுக்கிட்டே இருக்காரு?" என்று பையன் கேட்டான். கேட்டுவிட்டு ஆட்டத்துக்குள் போய்விட்டான். நான் அதற்கப்புறம் அவரை மட்டுமே பார்க்க ஆரம்பித்தேன்.

பந்தோடு எதிரி வரும்போது பின்வரிசைக்காரர் செய்கிற காரியத்தைக் கிட்டத்தில் கவனித்துப் பாருங்கள். நேருக்கு நேர் பாய மாட்டார். உடம்பை லேசாக ஒருக்களித்துக்கொள்வார். முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கும். வருகிறவன் ஓரடி வைத்தால் இவர் ஓரடி பின்வாங்குவார். பார்வை வருகிறவனின் முகத்தில் இருக்காது, பந்தில் இருக்கும். முகம் ஏமாற்றும், தோளும் ஏமாற்றும், பந்து ஏமாற்றாது. அவசரப்பட்டுக் காலை நீட்டினால் தாண்டிப் போய்விடுவான். நீட்டாமல் பொறுத்து நின்றால் அவன்தான் அவசரப்படுவான். அந்த இரண்டு மூன்று நொடிக்குள் மற்ற ஆட்டக்காரர்கள் ஓடி வந்து சேர்ந்துகொள்வார்கள். ஆபத்து கலைந்துவிடும். கூட்டத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள், தட்டுவதற்கு அங்கே எதுவும் நடக்கவில்லையே.

எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்காக ஒரு மனிதன் இருபது வருஷம் உடம்பை வருத்திப் பயிற்சி செய்கிறான். இதை நினைத்தால் எனக்கு மனம் அடங்கிப்போகிறது. செய்த காரியம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நமக்கு நிம்மதி. வீடு கட்டினேன், பிள்ளையைப் படிக்கவைத்தேன் என்று விரல் மடக்கி எண்ணிக்கொள்ளப் பிடிக்கிறது. பலனில் பற்று வைக்காமல் செய் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறோம், கோயில் சொற்பொழிவில் தலையாட்டியும் இருக்கிறோம். பலன் என்று காட்டவே ஒன்றும் மிஞ்சாத வேலையைக் கையில் எடுத்தவன் அந்தச் சொல்லுக்குள் நேராக இறங்கிவிடுகிறான். அவனுக்குப் பற்றிக்கொள்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் இதைக் கண்மாய்க் கரையில் பார்க்கலாம். தென்கால் கண்மாயோ நிலையூர் கண்மாயோ, கரை நன்றாக இருந்த வருஷத்தை யாரும் பேசுவதில்லை. ஐப்பசி அடைமழையில் நீர்க்கட்டி ராத்திரி முழுக்க டார்ச் லைட்டோடு கரைமேல் நடந்து, கசிவு கண்ட இடத்தில் மண் மூட்டை அடுக்கி, கலுங்கைத் திறந்து, விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். ஊருக்கு அது ஒரு சாதாரண விடியல். கரை உடைந்த வருஷம் மட்டும் தலைமுறை தாண்டிப் பேச்சில் நிற்கும். அந்த வருஷத்து நீர்க்கட்டி யார் என்றும் சேர்த்தே சொல்வார்கள்.

பின்வரிசைக்காரருக்கும் நினைவில் கிடைக்கும் இடம் அவர் தவறவிட்ட பந்துதான். தொண்ணூறு நிமிஷம் நின்று, ஒரு நொடி சறுக்கினால் அந்த நொடியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். இதைத் தெரிந்துகொண்டே அந்த இடத்தைக் கேட்டு வாங்கி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

கால்டெரோனின் வாழ்க்கைப் பாதையைத் திரும்பிப் பார்த்தால் ஏதோ யாத்திரை போல இருக்கிறது. அலிகாந்தேயில் ஆடினார், சொந்த ஊர் அணியான அலாவேஸில் ஆடினார். 2010-இல் இங்கிலாந்தின் தென் கடற்கரையில் இருக்கும் பிரைட்டன் அணிக்குப் போனார். அப்போது அந்த அணிக்குச் சொந்தமாக ஒரு மைதானம் கிடையாது. இருந்த பழைய மைதானத்தை 1997-இல் இழந்துவிட்டு, ஓட்டப்பந்தயங்கள் நடக்கும் வித்தீன் என்கிற சின்ன மைதானத்தில் ஒதுங்கியிருந்தார்கள். மூன்றாம் நிலைப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2010–11 பருவத்தில் அந்த நிலையில் முதலிடம் பிடித்தார்கள். 2011-இல் புது மைதானம் திறந்தது. கால்டெரோன் ஆறு வருஷத்துக்கும் மேல் அங்கே இருந்தார், இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அந்த ஊர் ரசிகர்கள் அவரை வீட்டுப் பிள்ளையாகவே வைத்துக்கொண்டார்கள்.

2016 மே மாதம். பிரைட்டன் மேல் நிலையான பிரீமியர் லீக்கின் வாசலில் நிற்கிறது. மிடில்ஸ்பரோ அணிக்கும் 89 புள்ளி, பிரைட்டனுக்கும் 89 புள்ளி. கோல் கணக்கில் இரண்டே இரண்டு வித்தியாசம். மிடில்ஸ்பரோ உள்ளே போனது, பிரைட்டன் வெளியே நின்றது. அதற்குப் பின் நடந்த கூடுதல் சுற்றிலும் தோற்றது. அந்தப் பருவத்தில் கால்டெரோனின் இடத்தில் பெரும்பாலும் இன்னொரு ஸ்பானியரான புரூனோ ஆடினார். இவர் பல ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தார். கோடையில் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிட்டார். அடுத்த வருஷமே, 2017-இல், பிரைட்டன் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. இவர் அங்கே இல்லை.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிடுகிறேன். அடிமட்டத்திலிருந்து ஓர் அணியைத் தாங்கி, வாசல் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கதவு திறக்கும் முன்பே விடைபெற்றுப் போவது. மனித மனத்துக்கு இதைவிடக் கசப்பான பொழுது வேறு இருக்க முடியாது என்று தோன்றலாம். ஆனால் யார் உள்ளே போனார்கள் என்பதில் காவலுக்கு நின்றவனுக்குப் பங்கு இல்லையா என்ன? ஒரு வீட்டில் பாட்டி வைத்த மாமரத்தில் பேரன் மாம்பழம் பறிக்கும்போது பாட்டி அங்கே இருந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை.

அங்கிருந்து அவர் போனது சைப்ரஸ் தீவுக்கு, அனோர்தோசிஸ் ஃபமகுஸ்தா என்ற அணிக்கு. அந்த அணியின் கதை தனி. 1974-இல் நடந்த படையெடுப்பில் அவர்களுடைய ஊரான ஃபமகுஸ்தா எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து லார்னகாவில் தங்கி ஆடுகிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் விடவில்லை. போக முடியாத ஊருக்காக அரை நூற்றாண்டாகக் களம் இறங்கும் அணி. ஈழத்திலிருந்து சிதறிப்போய், கனடாவிலும் பாரிஸிலும் தங்கள் ஊர்ப் பெயரில் விளையாட்டுக் கழகம் நடத்தும் தமிழர்களுக்கு இந்த வலியை விளக்க வேண்டியதில்லை. அந்த அணியின் சட்டையை ஒரு வருஷம் போட்டுக்கொண்டு ஆடிவிட்டுத்தான் அவர் சென்னைக்கு வந்தார்.

சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ, உள்ளே போகும்போது இரண்டு பக்கமும் துவாரபாலகர் நிற்பார்கள். ஆளுயரத்துக்கு மேல், கதாயுதத்தில் காலை ஊன்றி, ஒரு விரலை நிமிர்த்தி. நாம் அவர்களைப் பார்ப்பதே இல்லை. கண் உள்ளே இருக்கும் விளக்கொளிக்கு ஓடிவிடுகிறது. ஒருமுறை பரங்குன்றத்தில் கூட்டம் நெருக்கியதால் நான் அவர்கள் பக்கமாக ஒதுங்கி நிற்க நேர்ந்தது. அப்போதுதான் உறைத்தது: இவர்கள் சந்நிதிக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறார்கள். நந்திக்கு நேர்முகமாக நின்று கண் கொட்டாமல் தரிசிக்கும் பேறு. இவர்களுக்கோ யாரைக் காக்கிறார்களோ அவரைப் பார்க்கவே வாய்ப்பில்லை. கண்ணுக்கு எதிரே வருவதெல்லாம் வெளியுலகம்தான். வியர்வை, இரைச்சல், தள்ளுமுள்ளு, பொய்யும் மெய்யும் கலந்த முகங்கள். தீபாராதனை நடப்பதை எதிரில் நிற்கும் பக்தர்களின் முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கால்பந்தில் பின்வரிசைக்காரரும் காக்க வேண்டியதற்கு முதுகைக் கொடுத்துத்தான் நிற்கிறார். வலை பின்னால் இருக்கிறது. அவர் பார்வையெல்லாம் வருகிற ஆபத்தின் மேல். வலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால் காவல் போய்விடும். அது அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கை ஒன்றுதான் துணை. தியானம் என்றால் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது என்றே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவரை முதுகால் உணர்ந்துகொண்டு வெளியே கண்ணைத் திறந்து வைத்திருப்பதும் தியானம்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்குப் பூஜையறைப் பக்கம் போக நேரம் கிடைப்பதில்லை. ராஜாஜி ஆஸ்பத்திரியில் ராத்திரி வார்டில் நிற்கும் நர்ஸுக்கு வைகுண்ட ஏகாதசி தெரியாது. அவர்கள் சாமியை மறந்துவிட்டவர்கள் என்று நான் ஒருநாளும் எண்ண மாட்டேன்.

சென்னை கோப்பை வென்ற கதையைச் சொன்னேன். அடுத்த பருவத்தையும் சொல்ல வேண்டும். 2018–19-இல் அதே சென்னையின் அணி, அதே பயிற்சியாளர் ஜான் கிரிகரி, கால்டெரோனும் மைல்சனும் இருக்கிற அணி, பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. பதினெட்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. புள்ளி ஒன்பது. மார்ச்சில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கூட்டம் டிசம்பரில் மைதானத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டது. இது உலக வழக்கம், அதில் வருந்த ஒன்றுமில்லை. நான் நினைத்துப் பார்ப்பது அந்த ஆட்டக்காரர்களின் காலைப் பொழுதை. தோற்ற ஆட்டத்துக்கு மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே காலுறையை மாட்டி, அதே கோட்டில் போய் நிற்க வேண்டும். வென்ற வருஷத்தில் நின்ற இடமும் தோற்ற வருஷத்தில் நின்ற இடமும் ஒன்றேதான். புல் மாறவில்லை, கோடு மாறவில்லை. இன்பமும் துன்பமும் வந்து போகும் இடமாக இருந்துகொண்டு தான் நகராமல் இருப்பது ஞானிகளின் இலக்கணம் என்று படித்திருக்கிறோம். ஞானம் கைகூடாதவர்களுக்குக் கடமை அந்த இடத்தைக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது. அங்கே போய் நின்றால் போதும்.

அதே பருவத்தில் கோயம்புத்தூரில் வேறு விதமாக நடந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணிக்கு அது முதல் முறை. அந்த அணியிலும் ஸ்பெயின்காரர்கள் பலர். பின்வரிசையைத் தாங்கியவர்களில் ஒருவர் ராபர்ட்டோ எஸ்லாவா. 2019 மார்ச் 9-ஆம் தேதி நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாப் அணியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தே ஆக வேண்டும். ஆரம்பத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் இரண்டு கோல் போட்டு 3–1 என்று முடித்தவர் அசாமிலிருந்து வந்த கௌரவ் போரா, பின்வரிசை ஆட்டக்காரர். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல், 43-க்கு 42. பருவம் முழுக்கக் காவலுக்கு நின்றவர் கையால் கடைசி நாளில் பிரசாதம் கொடுக்கவைத்ததைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். ஆனால் அது கணக்கில் எழுதி வைத்த கூலி கிடையாது. எஸ்லாவாவுக்கு அன்று அப்படிக் கிடைக்கவில்லை, அவர் நின்றதும் குறைந்துபோகவில்லை.

காவலுக்கு நிற்பவரை நம் மண் மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அழகர்மலையில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி இருக்கிறார். அங்கே சிலை பார்த்துக் கும்பிடுவதில்லை. அடைத்த கதவுக்குச் சந்தனம் சாத்தி அதற்குத்தான் கற்பூரம். சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் மதுரைக்குப் புறப்படும்போது கருப்பர் முன்னால் வந்து நின்று, அணிந்து போகும் நகைகளின் பட்டியலைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார். ஊரெல்லாம் சுற்றி, வைகையில் இறங்கி, லட்சக்கணக்கான ஜனத்துக்குத் தரிசனம் கொடுத்துத் திரும்பி வந்ததும் மறுபடி கருப்பருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். உலகத்தையே காக்கிற பெருமாள், தன் வாசலில் காவல் நிற்பவருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறார். சிறு வயதில் இதை வேடிக்கையாகப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தப் பட்டியல் வாசிக்கிற குரலைக் கேட்டால் கண் கலங்குகிறது. திருவிழாவில் பங்கே இல்லாதவர் கருப்பர். எதிர்சேவை அவருக்கு இல்லை, தல்லாகுளம் இல்லை, வண்டியூர் இல்லை. அழகர் இல்லாத மலையில் அவர் பாட்டுக்கு இருக்கிறார்.

இன்னொரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் பின்வரிசைக்காரர்கள், கோலுக்குப் பக்கத்தில் எதிரி பந்தை உதைக்கக் காலை ஓங்கும்போது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். கையில் பட்டுவிட்டால் பெனால்டி என்பதற்காக. பந்து எவ்வளவு வேகத்தில் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். முகத்தில் படலாம், நெஞ்சில் படலாம். கையைத் தூக்கி மறைப்பது உடம்பின் இயல்பு. குழந்தைகூட அதைத்தான் செய்யும். அந்த இயல்பையே கட்டிப்போட்டுவிட்டு, வெறும் நெஞ்சோடு முன்னால் போய் நிற்கிறார்கள். ஆயுதம் இல்லை, கேடயம் இல்லை, கோபம் இல்லை. குருவுக்கு முன்னால் நிற்கும் சீடனின் அடக்கம் அந்த நிலையில் இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் அனிச்சையைக்கூட விட்டவன்தான் இன்னொன்றைக் காக்க முடியும் என்பதை உடம்பாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த நிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தத்தன் நினைவுக்கு வருவான்.

பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதையில் வரும் வாயிற்காவலன் அவன். திருக்கோவலூரில் சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், மேனியெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு அடியார் வேடத்தில் வருகிறான். வாசல் வாசலாக எல்லாக் காவலரும் வணங்கி வழிவிடுகிறார்கள். கடைசி வாசலில் தத்தன் மட்டும் தடுக்கிறான். அரசர் உறங்குகிறார், நேரம் பார்த்துப் போங்கள் என்கிறான். அவனையும் மீறிக்கொண்டு முத்தநாதன் உள்ளே போய்விடுகிறான். காவலனாகத் தத்தன் தோற்ற இடம் அதுதான். மனம் அங்கேயே இருந்ததால் அடுத்த கணமே வாளோடு உள்ளே பாய்கிறான். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அரசர் குருதியில் சாய்கிறார். சாய்கிறவர் கையை நீட்டித் தத்தனைத்தான் தடுக்கிறார். அவர் நம்மவர், விட்டுவிடு என்கிறார்.

தத்தன் பணிந்து, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். யாரும் எதுவும் செய்துவிடாமல் இவரைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று பதில் வருகிறது.

எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடும். தன்னைத் தாண்டிப் போனவன், தன் அரசரைக் குத்தியவன், அவனுக்கு இப்போது இவன் காவல். தெருவில் சேதி பரவி ஊரே திரண்டு நிற்கிறது. அவனைக் கொல்லத் துடிக்கும் கூட்டத்தில் மற்ற எல்லாரையும்விட அதிகம் துடிக்க வேண்டியவன் தத்தன்தான். அவன் வாளை ஓங்கவில்லை. அரசரின் ஆணை இது என்று சொல்லிச் சொல்லிக் கூட்டத்தை விலக்கி, கொலைகாரனுக்கு முன்னும் பின்னும் தானே அரணாக நடந்து, ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுகிறான். கோபத்தை வென்றவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். கோபத்தை அப்படியே நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, அதன் கையைக் கட்டிவிட்டு, அந்தக் கோபத்துக்கு உரியவனையே காத்து நடந்த நடை அது. எவ்வளவு தூரம் நடந்திருப்பான், வழியில் முத்தநாதன் முகத்தைப் பார்த்திருப்பானா என்றெல்லாம் கேட்டுக்கொள்வேன்.

உள்ளே அரசர் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். தத்தன் திரும்பி வந்து, தீங்கில்லாமல் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்கிறான். அந்த ஒரு சேதிக்காகத்தான் அவர் காத்திருந்தார். இன்று நீ எனக்குச் செய்ததை வேறு யார் செய்வார் என்று நெகிழ்கிறார். பிறகு தம் மக்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறைவன் திருவடி அடைகிறார்.

வாசலைக் காக்க முடியாமல் போனவனிடம் அதைவிடப் பெரிய காவலை ஒப்படைத்தார் மெய்ப்பொருளார். தவறிய அந்த நொடியை வைத்து அவனை அளக்கவில்லை. கோல் விழுந்த பிறகு வலைக்குள் கிடக்கும் பந்தைத் தானே எடுத்து வந்து நடுக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி தன் இடத்துக்குப் போய் நிற்கிற பின்வரிசைக்காரரை டிவியில் பார்க்கும்போது அந்தக் குரல் எனக்குக் கேட்பது உண்டு. கால்டெரோன் ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்சியாளராகி, பிரைட்டனுக்கே திரும்பிப் போய் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2024 டிசம்பரில் பிரிஸ்டல் ரோவர்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக ஏற்றது. அந்த அணி அந்தப் பருவத்தில் கீழ்நிலைக்கு இறங்கியது, 2025 மே மாதத்தில் அவர் பொறுப்பு முடிந்தது. மூழ்குகிற நேரத்தில் கூப்பிட்டதும் போய் நின்றிருக்கிறார். அதற்கு மேல் நான் அதில் எதையும் தேட மாட்டேன்.

தத்தன் அதற்குப் பின் என்ன ஆனான் என்று சேக்கிழார் சொல்லவில்லை. அறுபத்து மூவரில் அவன் பெயர் கிடையாது. மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும்போது, சுவாமி சந்நிதிப் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் நாயன்மார்களைச் சுற்றி வருவேன். மெய்ப்பொருளார் முன்னால் வந்ததும் இரண்டு பேருக்காகக் கும்பிடுவேன்.